நிறுத்திப் பார்த்து வண்டி வாங்குங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். உயரமாக இருப்பவர்கள் படிக்காமல் போனாலும் வருத்தமில்லை, ஆனால் உங்கள் வீட்டில் குள்ளமாக ஒருவர் இருந்தால் அவருக்கு அனுப்பி வையுங்கள்.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். செ.மீ. கணக்கில் 155. நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் "அரையடி ஸ்கேல்" என்பது எனக்கு 1989-லேயே தெரியும். கரும்பலகையின் மேல் பாதியில் நான் எழுதிய நாளே இல்லை என்று ஆண்டுவிழாவில் ஒருவன் நடித்துக் காட்டினான், நானும் சிரித்தேன். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று ஊரில் பழமொழி இருந்தும், உங்கள் பெற்றோர் 32 வருஷம் என்னை நம்பி உங்களை அனுப்பினார்கள். அதனால் உயரத்தைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வண்டி வாங்கும் இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

போன மாதம் என் தங்கை மகள் போன் செய்தாள். ஆண்டிமடம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறாள். நாலடி பதினொரு அங்குலம்.

"மாமா, ஒரு நாள் என்கூட ஷோரூமுக்கு வர்றீங்களா? பைக் எடுக்கணும்."

"ஏம்மா, உங்க அண்ணன் இருக்கானே?"

"அவன் ஆறடி மாமா. அவனுக்குப் புரியாது."

அந்த ஒரு வார்த்தையில் நான் கிளம்பிவிட்டேன்.

ஸ்கூட்டர் வாங்கலாமே என்று உங்களில் பாதிப்பேர் இப்போது நினைத்திருப்பீர்கள். அவள் வீட்டுக்காரரும் வெளிநாட்டிலிருந்து அதைத்தான் சொன்னாராம். அவள் போகும் வழியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் முந்திரித் தோப்புக்கு நடுவே செம்மண் தடம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி மணல். ஸ்கூட்டரின் சக்கரம் 10 அங்குலம், 12 அங்குலம். சாதாரண 100 சிசி பைக்கின் சக்கரம் 18 அங்குலம். சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழுகிறது, பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டுகிறது. அவள் கல்லூரி நாளிலிருந்தே அப்பாவின் பைக்கை ஓட்டிப் பழகியவள், கியர் வண்டி உரிமமும் வைத்திருக்கிறாள். ஆக அவள் கேட்டது ஆடம்பரம் அல்ல. நேரங்கெட்ட நேரத்தில் ஒரு கர்ப்பிணியின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் போய்ச் சேர ஒரு வண்டி.

ஷோரூம் பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். விற்பனைப் பையன் மரியாதையானவன்தான். வந்ததும் என்னைப் பார்த்து, "சார், மேடத்துக்கு ஸ்கூட்டர் செக்‌ஷன் அந்தப் பக்கம்" என்றான். அவள், "எனக்கு இந்தப் பக்கம்தான் தம்பி" என்றாள். சரி என்று ஒரு டெஸ்ட் வண்டியை எடுத்து வந்தான். தெருவில் நிறுத்தி, அவளை ஏறச் சொல்லி, தானும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். நேரான, சமமான தெருவில் ஒரு சுற்று. திரும்பி வந்து, "பார்த்தீங்களா சார், சூப்பரா ஓட்டுறாங்க. புக் பண்ணிடலாமா?" என்றான்.

நான் சொன்னேன்: "தம்பி, அவ ஓட்டுவான்னு எனக்குத் தெரியும். இப்ப நீங்க இறங்கிக்கங்க. அவ தனியா அந்தச் சாய்தளத்துல ஏறி, பாதியில நிறுத்தி, மறுபடி எடுக்கட்டும். அப்புறம் சைடு ஸ்டாண்டு போட்டு, எடுத்து, பின்னால தள்ளட்டும்."

"அதெல்லாம் அலவ் பண்ண மாட்டாங்க சார். கீழ போட்டா யார் பொறுப்பு?"

அவன் மேல் கோபமில்லை. முதலாளி சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இங்கே கீழே போட்டால் வண்டியில் ஒரு கீறல். நான்கு ரோட்டில் சிமெண்ட் லாரிக்குப் பக்கத்தில் கீழே போட்டால்? அதற்கு யார் பொறுப்பு? நாங்கள் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

என் கருத்து இதுதான். குள்ளமானவர்களுக்கு வண்டி ஓட்டுவது பிரச்சினையே இல்லை. ஓடுகிற வண்டிக்குக் கால் தேவைப்படாது. டானி பெட்ரோசா என்று ஒரு ஸ்பெயின் நாட்டு வீரர், உயரம் 160 செ.மீ., என்னைவிட ஐந்து செ.மீ. கூடுதல். மோட்டோ ஜிபி பந்தயத்தில் 31 வெற்றிகள் பெற்றுவிட்டு 2018-இல் ஓய்வு பெற்றார். ஆனால் அவர் பந்தயம் முடித்து வந்து நின்றால் வண்டியைப் பிடித்துக்கொள்ள மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நமக்கு நான்கு ரோட்டில் யார் இருக்கிறார்கள்? நமக்குப் பிரச்சினை நிற்கும்போதுதான். ஷோரூமில் கொடுக்கிற டெஸ்ட் ரைடோ ஓடுவதை மட்டும் காட்டுகிறது. தேர்வுக்கு வராத பாடத்தை மட்டும் நடத்திவிட்டு அனுப்புகிற மாதிரி.

பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? கதவின் கைப்பிடி ஏன் கீலுக்குத் தூரத்தில் இருக்கிறது என்று கேட்பேன். அதே பாடம்தான். வண்டி நேராக நிற்கும்போது எடை முழுவதும் சக்கரங்களில். சாய ஆரம்பித்ததும் அதைக் கீழே தள்ளும் திருப்புத்திறன் சாய்கோணத்தின் சைன் மதிப்புக்கு ஏற்பக் கூடுகிறது. 3 டிகிரிக்கு சைன் மதிப்பு 0.052. 10 டிகிரிக்கு 0.174. மூன்று மடங்குக்கும் மேல். உயரமானவர் வண்டி 2, 3 டிகிரி சாயும்போதே பாதத்தை முழுசாக ஊன்றிவிடுகிறார். நமக்குக் கால் தரையைத் தொடுவதற்கே வண்டி அதைவிட அதிகம் சாய வேண்டியிருக்கிறது. நாம் தாங்க ஆரம்பிக்கும் இடத்திலேயே பாரம் கூடிவிட்டது, அதுவும் தாங்குவது கட்டைவிரல் நுனியால். "கொஞ்சம் பலமா ஊன்றினா போதும்" என்று ஆறடிக்காரர்கள் சொல்வது இதனால்தான் எடுபடாது. அவர்கள் தாங்குகிற பாரம் வேறு, நாம் தாங்குகிற பாரம் வேறு.

இன்னொன்று, நான் எந்த விளம்பரத்திலும் பார்க்காதது. நம் சாலைகள் மழைநீர் வடிய நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடப்படுகின்றன. நாம் இடப்பக்கம் போகிறோம். வலது கால் பிரேக்கில் இருக்கும், ஊன்றுவது இடது கால். அதாவது நாம் கால் ஊன்றுகிற இடம் எப்போதும் தாழ்ந்த பக்கம். திருச்சி–சிதம்பரம் சாலையில் லாரிக்கு ஒதுங்கி ஓரத்தில் நின்று பாருங்கள். தார் மேல் தார் போட்டு, தார் முடிகிற இடத்தில் நாலு விரல்கடை பள்ளம் இருக்கும். ஷோரூம் டைல்ஸ் தரையில் தொட்ட கால் அங்கே தொடாது.

இனி ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

1996-இல் நான் நான்கு ரோட்டில் விழுந்து கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது நாம் பெரம்பலூர் மாவட்டம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தீர்கள். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று சொன்னேன். தலைமையாசிரியரிடமும் சொன்னேன், என் மனைவியிடமும் சொன்னேன்.

நாய் எதுவும் வரவில்லை.

அதற்கு முன் ஏழெட்டு வருஷம் என்னிடம் டிவிஎஸ் 50 இருந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த அந்தச் சின்ன வண்டி நம் ஊரில் எத்தனை பேரைக் கரை சேர்த்தது என்று உங்களுக்குத் தெரியும். பால்காரர், தபால்காரர், ஐஸ்காரர், ஆசிரியர், எல்லோருக்கும் அதுதான். எனக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஆனால் ஆசிரியர் அறையில், "சார், நிரந்தர வாத்தியாராயிட்டீங்க, இன்னும் இதுலயேவா?" என்று கேலி. ஒருவர் தன் பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக்கை விற்கிறேன் என்றார். கனமான வண்டி. கிக்கரும் கியரும் ஒரே லீவர், பெயர் சொல்லாமலே பழைய ஆட்களுக்குப் புரியும். வண்டி மேல் குற்றமில்லை. "ஓட்டிப் பாருங்க" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன், பள்ளி மைதானத்தில், அவர் பின்னால் உட்கார்ந்திருக்க, இரண்டு சுற்று. அருமையாகப் போனது. நிறுத்தியபோது அவர் கால் ஊன்றிக்கொண்டார். அதை நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், ஒப்புக்கொள்ளவில்லை என்பதே சரி.

மூன்றாம் வாரம், காலை நேரம், நான்கு ரோட்டில் பஸ் திரும்புவதற்காக நிறுத்தினேன். வண்டி அணைந்துவிட்டது. உதைத்துக் கிளப்ப வேண்டும். ஒரு காலால் உதைக்க இன்னொரு கால் ஊன்ற வேண்டுமே. அந்தக் கால் நுனிவிரலில் நிற்கிறது, விரலுக்கு அடியில் ஜல்லி. அவ்வளவுதான். நின்றுகொண்டிருந்த வண்டியோடு, நின்ற இடத்திலேயே விழுந்தேன். பஸ் நிறுத்தத்தில் என் மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர். கணுக்கால் வலியைவிட அதுதான் வலித்தது. நின்ற வண்டியோடு விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது? அதற்காகப் பிறந்ததுதான் அந்த நாய். 1996-ஆம் ஆண்டு மாணவர்களும், என் மனைவியும், நான்கு ரோட்டில் அன்றைக்கு இருந்த நாய்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், என்னை விழவைத்தது உயரம் அல்ல, வெட்கம். மைதானத்திலேயே, "சார், நீங்க இறங்குங்க, நான் தனியா நிறுத்திப் பார்க்கிறேன்" என்று கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை. இன்றைக்கும் ஷோரூமில் எத்தனையோ பையன்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். ஐந்தடி இரண்டு அங்குலப் பையன், கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுக்கும் பெரிய வண்டி, சுற்றிலும் மாமனார், மச்சான். அங்கே, "எனக்குக் கால் எட்டலை" என்று சொல்ல எந்தப் பையனுக்கு வாய் வரும்? தலையாட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறான்.

நம் தலைமுறை இப்படித்தான் பழகியது. அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டோம். வண்டிக்கு ஏற்ப நாம் வளைந்தோம். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். மாபெரும் காரியம், மறுக்கவில்லை. ஆனால் சைக்கிள் சாய்ந்தால் முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற இயந்திரத்திடம் அந்தச் சமாளிப்பு செல்லாது.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும்? நான் சின்னவளுக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

முதலில் வீட்டில் அளவெடுங்கள். உயரத்தை அல்ல, காலின் உள் அளவை. சுவரில் சாய்ந்து நின்று, இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு பாடப் புத்தகத்தை மேலே ஒட்ட வைத்து, அதன் மேல் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரே உயரம் உள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு மூன்று நான்கு செ.மீ. வித்தியாசப்படும். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கிறது. கால் உள் அளவு பெரும்பாலும் உயரத்தில் பாதிக்கும் குறைவு. ஸ்ப்ளெண்டர் மாதிரி சாதாரண வண்டியின் இருக்கை உயரமே 785 மி.மீ. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி ஓடிவிடாதீர்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இன் இருக்கை உயரம் 787 மி.மீ., ஸ்ப்ளெண்டரைவிட இரண்டு மி.மீ. கூடுதல்! அதை நம் ஊர் அக்காமார்கள் நெல் மூட்டை வைத்து ஓட்டவில்லையா? காரணம், அதன் எடை 90 கிலோவுக்குள், இருக்கை ஒடுக்கம், முன்னால் உயரமான டேங்க் இல்லாததால் சட்டென்று நழுவி இறங்கலாம். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. கிளாசிக் 350 எடுத்தால் இருக்கை 805 மி.மீ., எடை 195 கிலோ. அகலமான இருக்கை தொடையை விரிக்கும், காலின் நீளத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும். ஆக உயரம், அகலம், எடை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது காகிதத்தில் தெரியாது, உட்கார்ந்தால்தான் தெரியும்.

தினமும் போடுகிற செருப்போடு போங்கள். அன்றைக்கு மட்டும் தடித்த ஷூ போட்டுப் போவது நம்மை நாமே ஏமாற்றுவது. பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள், இதுதான் முக்கியம். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கி வண்டி தாழும், உங்கள் கால் எட்டும். வாங்கிய மறுநாள் தனியாக ஏறினால் வண்டி மேலே நிற்கும், கால் எட்டாது. ஒல்லியான ஆளுக்கு இது இன்னும் மோசம், அவர் எடைக்கு வண்டி அமுங்குவதே குறைவு.

இரண்டு காலும் முழுசாக ஊன்ற வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இடுப்பை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, இடது பாதத்தின் முன்பாதி அழுத்தமாக ஊன்றி, வலது கால் பிரேக்கில் இருக்க, பத்து எண்ணும்வரை ஆடாமல் நிற்க முடிகிறதா? அதையே சரிவில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. பிறகு சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்துங்கள், ஏறி உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளுங்கள். நுனிவிரலால் பின்னால் தள்ளவே முடியாது, இறங்கித் தள்ள வேண்டிவரும். அது தோல்வி அல்ல. இறங்கித் தள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

எட்டவில்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. சீட் தைக்கிறவரிடம் கொடுத்து நுரையைக் கொஞ்சம் குறைத்து, ஓரத்தைச் சீவி ஒடுக்கச் சொல்லலாம். பின் ஷாக் அப்சார்பரை மிக மெத்தென்ற நிலையில் வைக்கலாம். ஆனால் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியையே தாழ்த்துகிற வேலை வேண்டாம். நம் ஊர் வேகத்தடையில் அடிவயிறு தட்டும். வண்டி தாழ்ந்ததும் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்று அடித்தால் மறுபக்கம் சாயும்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியாத விஷயமல்ல. ராயல் என்ஃபீல்டு மீட்டியோரின் இருக்கை 765 மி.மீ., பஜாஜ் அவெஞ்சர் 737 மி.மீ. ஹிமாலயன் 450-க்கு 825 மி.மீ. என்றாலும், தனியாகத் தாழ்ந்த இருக்கை வாங்கி 805-க்குக் கொண்டுவரலாம். அந்தத் தாழ்ந்த இருக்கையைப் போட்ட ஒரு டெஸ்ட் வண்டி சின்ன ஊர் ஷோரூம்களில் ஏன் இருக்கக் கூடாது? பழைய டெஸ்ட் வண்டி ஒன்றுக்கு லெக் கார்டு போட்டு, விழுந்தாலும் பரவாயில்லை என்று வைத்துவிட்டால் என்ன நஷ்டம்? ஒரு தொகையை முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் கொடுக்கிறோம். லட்ச ரூபாய் பொருளை விற்கிறவர், கீறல் விழும் என்று பயந்து வாங்குகிறவரைச் சோதிக்க விடாமல் இருப்பதில் நியாயம் இல்லை.

உரிமம் கொடுக்கும் இடத்திலும் இதே கதைதான். எட்டு போடச் சொல்கிறார்கள், காலை ஊன்றினால் தோல்வி. ஊன்றாமல் ஓட்டத் தெரியுமா என்று பார்க்கிறார்கள், சரியாக ஊன்றத் தெரியுமா என்று பார்ப்பதில்லை. சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற என் பழைய மாணவர்கள் இருவர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். எட்டு முடிந்ததும் ஒரு சரிவில் நிறுத்தி எடுக்கச் சொல்லிக் கொடுங்கள், தம்பிகளா.

சின்னவள் கதைக்கு வருகிறேன். அடுத்த வாரம் வேறொரு ஷோரூம். அங்கே ஒரு பெண் இருந்தாள், அவளும் நம்மைப் போல் ஐந்தடிதான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "வாங்கக்கா, பின்னாடி சர்வீஸ் ராம்ப் இருக்கு" என்று கூட்டிப் போனாள். சின்னவள் ஆசைப்பட்ட 125 சிசி வண்டியில் ஏறி, ராம்ப்பில் பாதியில் நிறுத்தினாள். வண்டி இடப்பக்கம் போனது. நானும் அந்தப் பெண்ணும் பிடித்துக்கொண்டோம். சின்னவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு 1996 ஞாபகம் வந்தது. இங்கே குறைந்தபட்சம் நாய் தேவைப்படவில்லை.

பிறகு 100 சிசி வண்டியில் நான்கு முறை. முதல் முறை தடுமாறினாள். நான்காம் முறை என்னைப் பார்த்து, "மாமா, நீங்க தள்ளி நில்லுங்க, நிழல் மறைக்குது" என்றாள். அதுதான் அவளுக்குச் சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. சீட்டைத் தைத்து இரண்டு விரல்கடை குறைத்திருக்கிறோம். உட்கார்ந்தால் கொஞ்சம் கட்டையாக இருக்கிறது என்கிறாள், நீண்ட தூரம் போனால் இடுப்பு வலிக்கும்தான். அந்த 125 சிசி மேல் அவளுக்கு இன்னும் ஏக்கம் உண்டு. போன சனிக்கிழமை அவள் பின்னால் உட்கார்ந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை போய் வந்தேன். நான்கு ரோட்டில் நிறுத்தினாள். நான் காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்டிலேயே வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான்.

குள்ளமான என் மாணவர்கள், மாணவிகள், உறவுகள் யாராவது வண்டி எடுக்க யோசித்தால், ஷோரூமுக்குப் போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வாருங்கள். வாசலில் நல்ல சாய்தளம் இருக்கிறது, என் பைக்கும் இருக்கிறது, கீறல் விழுந்தால் நான் கேட்க மாட்டேன், ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் வாசல் தெளித்த ஈரம் காய்ந்திருக்காது, வழுக்கும்.